யார் கட்டின புடவை?

கண்காட்சிகளில் துணி நெக்லஸ் விற்கும் பெண்கள் இப்போதெல்லாம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். 'பழைய பட்டுப் புடவையிலிருந்து கையால் செய்தது' என்று அதில் பெருமையாக அச்சடித்திருக்கிறது. வாங்குகிறவர்களும் அதைப் படித்துவிட்டு இன்னும் ஆசையாகக் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படிக் கடை போட்டிருந்த ஒரு பெண், நானும் இதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும், "உங்க காலத்துல அட்டையில என்ன மேடம் எழுதுவீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட்டையா? பழைய புடவைன்னு வாயைத் திறந்தாலே வம்புதான்மா," என்றேன். என்ன வம்பு என்று அவள் விடவில்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில், ஒரு சந்துக் கோடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட்டில் எங்கள் வேலை நடந்தது. நடத்தியவர் நிர்மலா மேடம். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர், அதை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, எந்த ஆபீசும் கூப்பிடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள். இந்த வேலையில் சேர்ந்தேன் என்று கேட்டதும் எங்கள் தெருவே சிரித்தது. "தங்கம் இல்லாதவங்க கவரிங் போடுவாங்க, சரி. கவரிங்கும் இல்லாதவங்க துணியைப் போட்டுக்குவாங்களா?" என்று எதிர்வீட்டு அம்மா என் காதுபடவே கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சேர்ந்த புதிதில் எனக்கும் மனசுக்குள் அதே கேள்விதான்.

அப்போது தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமெல்லாம் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனிகள் முளைத்திருந்தன. அங்கே வெட்டி மிஞ்சிய பிரிண்ட் துணிகள் எங்களுக்கு மூட்டை மூட்டையாக வரும். பட்டு வேண்டுமென்றால் முனியம்மாதான் வழி. தலையில் எவர்சில்வர் கூடையோடு தெருத்தெருவாகப் போய், பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பவர் முனியம்மா. நடுவில் நைந்துபோய் பார்டர் மட்டும் நன்றாக இருக்கிற பட்டுப் புடவைகளை எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவருவார்.

ஆரம்ப வருடங்களில் நான் செய்ததெல்லாம் குழாய் திருப்பியதுதான். துணியைக் குறுக்கு வாட்டத்தில், அதாவது மூலைச் சாய்வாக, பட்டையாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் உள்ளே வைக்கும் மரமணியைச் சுற்றிப் படியாமல் சுருக்கம் விழும். பட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி குழாயாகத் தைத்து, ஒரு முனையில் ஊக்கைக் குத்தி, அதையே உள்ளே விட்டுத் தள்ளித் தள்ளி மறுமுனையில் பிடித்து இழுத்தால் குழாய் நல்லபக்கமாகத் திரும்பிவிடும். பிறகு மரமணிகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பி, இடையிடையே நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிரிண்டில் பூ இருந்தால் அந்தப் பூ மணியின் நடுநெற்றியில் வந்து உட்கார வேண்டும். பாதிப் பூவாக நின்றால் மேடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பார், அவ்வளவுதான். நாங்களே பிரித்துவிடுவோம்.

மேடத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எந்தப் புது மாடலாக இருந்தாலும் முதல் நெக்லஸை அவரே ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பார். அதோடு பஸ்ஸில் இடிபடுவார், வெயிலில் மார்க்கெட் போவார், அடுப்படியில் நிற்பார். "நம்ம ஊர் வேர்வைக்கு நின்னா எந்த ஊர்லயும் நிக்கும்," என்பார். ஒருமுறை நீல பிரிண்டில் பெரிய ஆர்டர் ஒன்று செய்தோம். சாயம் நிற்க எல்லார் வீட்டிலும் செய்கிற மாதிரி துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசியும் இருந்தோம். மறுநாள் காலை மேடம் வந்து நின்றபோது கழுத்தைச் சுற்றி நீலம் பூத்திருந்தது. நாங்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டோம். வசந்தா மட்டும், "மேடம், நீலகண்டர் மாதிரி இருக்கீங்க," என்று சொல்லிவிட்டாள். மேடம் அசையவே இல்லை. "கும்பிட்டுக்கோ. கும்பிட்டுட்டு எல்லாத்தையும் பிரி," என்றார். அன்றிலிருந்து ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் ஒரு துண்டுகூட எங்கள் கத்திரிக்கு வந்ததில்லை.

அந்த வசந்தாவைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். கீழ்க்கட்டளைப் பெண். அப்பா இல்லை, அம்மா பூக்கட்டி விற்பவர். எங்கள் ஷெட்டிலேயே வேலையில் சுத்தமான கை அவளுடையதுதான், வாயும் அதே அளவுக்கு நீளம். மாடம்பாக்கத்தில் ஒரு குடும்பத்தில் அவளுக்குச் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை பாஸ்கர், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. ரிசப்ஷனுக்குக் கழுத்து நிறையப் போட்டுக்கொள்ள நகை போதாது. அதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. முனியம்மா கொண்டுவந்திருந்த ஓர் அரக்கு நிறப் பட்டுப் புடவையை மேடம் அவளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். மாங்காய் பார்டர், நல்ல சரிகை. வசந்தா அதில் நெஞ்சை நிறைக்கிற மாதிரி ஒரு நெக்லஸ் செய்தாள். ஒவ்வொரு மணியின் நெற்றியிலும் ஒரு சரிகை மாங்காய்.

ரிசப்ஷனில் மணப்பெண்ணைப் பார்த்தவர்களைவிட அந்த நெக்லஸைப் பார்த்தவர்கள்தான் அதிகம். மாமியார் சுலோசனா அம்மாவே அதைத் தொட்டுப் பார்த்து, "எங்கம்மா வாங்கின?" என்று கேட்டார். வசந்தா பெருமையாக, "பழைய பட்டுப் புடவையில நானே செஞ்சது அத்தே," என்றாள். அப்போது அவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

கல்யாணம் முடிந்து மாதம்கூடத் திரும்பவில்லை, மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த சுலோசனா அம்மாவுக்கு, உட்கார்ந்த இடத்தில் அந்த நெக்லஸ் நினைவுக்கு வந்திருக்கிறது.

"யாரு கட்டின புடவை அது?" என்று மருமகளைக் கேட்டார்.

"தெரியலையே அத்தே. பாத்திரக்காரம்மா கொண்டுவந்தது."

"செத்தவங்க புடவையா இருந்தா? சாவு வீட்டுத் துணியைக் கழுத்துல போட்டுக்கிட்டா என் வீட்டுப் படி ஏறின?"

மாமனார் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் மாமியாருக்கு மருமகள் முகத்தைப் பார்த்தாலே நடுங்கியது. பாஸ்கர் நல்ல பையன்தான், வாய்தான் கிடையாது. "கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இரு," என்று சொல்லி கீழ்க்கட்டளையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தக் கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

வசந்தா திரும்ப வேலைக்கு வந்தாள். வேலை மேல் ஆசைப்பட்டு வந்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் அவள் வாயைத் திறக்காமல் ஊசியைக் குத்திக்கொண்டிருந்தாள். வசந்தா வாயைத் திறக்கவில்லை என்றால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் குடைந்து குடைந்து கேட்டு விஷயத்தை வாங்கினேன். எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே மாடம்பாக்கம் போய் அந்த அம்மாவை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காரு லலிதா. அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாம போய் என்ன சண்டை போடப் போற? முனியம்மா வரட்டும்."

முனியம்மா வந்தார். கூடையை இறக்கிவைக்கும் முன்பே நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா லலிதாம்மா, எம்மேலயே சந்தேகமா? சாவு வூட்டுத் துணிய நான் தொட்றதே இல்ல," என்றார்.

"அவங்க சொல்லாம குடுத்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

மேடம் அந்தப் பட்டில் மிஞ்சியிருந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அதைப் பார்த்ததும் முனியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐய, இதுவா? கோவிலம்பாக்கத்து அம்மா. இட்லி குண்டான் குட்த்தேன். மூடி ஒக்காரலன்னு ரெண்டு தபா திருப்பிக் குட்த்து என்னை பேஜார் பண்ணிச்சு. வூடு தெரியும், வைக்கோல் போர் பக்கத்துல. ஆனா புடவை அந்தம்மாளோடதா, வேற யாரோடதான்னு நான் கேக்கல."

மறுநாளே மேடமும் நானும் கிளம்பினோம். மேடவாக்கத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மேடம், ஒருவேளை செத்தவங்க புடவையாவே இருந்தா?"

"இருந்தா அப்படியே போய்ச் சொல்லுவோம்."

"சொன்னா அவ வாழ்க்கை போச்சே!"

"பொய் சொன்னா மட்டும் நிக்குமா? நாளைக்கு அந்த வீட்டுல யாருக்காவது தலைவலி வந்தாலும் திரும்ப இந்தப் பேச்சு வரும். அப்ப நம்ம பொய்யும் சேர்ந்து வெளியில வரும். அவளுக்காகப் பேசறதுக்கு ஒரு ஆளும் இருக்காது."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் மனசுக்குள் வேறு முடிவு செய்திருந்தேன். கெட்ட பதில் வந்தால் மேடத்தை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் தனியாக மாடம்பாக்கம் போய் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாவது பொய் சொல்லிவிடுவது என்று. இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கம் இல்லை.

கோவிலம்பாக்கத்தில் வைக்கோல் போரைத் தேடிப்பிடித்தோம். பின்னால் ஓட்டு வீடு, முன்னால் புதிதாகக் கட்டிய மாடி. சுற்றியிருந்த வயலில் பாதி பிளாட்டாகக் கல் நட்டுக் கிடந்தது. கதவு திறந்தே இருந்தது. கூடத்துக்குள் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்ச் சுவரில் ஒரு பெண்மணியின் படம். அதற்குச் சந்தன மாலை, பக்கத்தில் விளக்கு. படத்தில் இருந்தவர் கட்டியிருந்தது பட்டுப் புடவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் என்ன நிறம் தெரியும்? நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து வந்தவர் நல்ல ஆகிருதி. நெற்றியில் பெரிய குங்குமம், முகமெல்லாம் மஞ்சள். பெயர் தனலட்சுமி. மேடம் பட்டுத் துண்டை நீட்டி, சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. "இது யாரு கட்டின புடவைம்மா? படத்துல இருக்கறவங்களோடதா?" என்று குறுக்கே கேட்டுவிட்டேன்.

"அது எங்க மாமியாரு. புடவை அவங்களோடதா? நல்லா கேட்ட போ!" என்று தனலட்சுமி அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் கலரு உனக்கு எடுக்காதுன்னு அவங்க சொல்ல, எடுக்கும்னு நான் சொல்ல, கடையிலேயே சண்டை போட்டு வாங்கின புடவை இது. என் மூத்த புள்ள காதுகுத்துக்கு. நடுவுல நைஞ்சிபோச்சி, குட்த்துட்டேன். இன்னாத்துக்குக் கேக்கறீங்க? நான் செத்துட்டேன்னு எவ சொன்னா?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தனலட்சுமி அம்மா பயந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். முழுக் கதையையும் கேட்டதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம வரேன். எந்த பஸ்ஸு?" என்றார்.

வெள்ளிக்கிழமையை அவர் சும்மா சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையில் தாம்பாளத்தோடு வருகிற சுமங்கலியை எந்த வீட்டிலும் வாசலில் நிறுத்த முடியாது. அவர் பஸ்ஸிலிருந்து வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்து நிர்மலா மேடமே வாயைப் பொத்திக்கொண்டார். புடவையைத்தான் பாத்திரத்துக்குப் போட்டாரே தவிர, அதே பட்டில் தைத்த ரவிக்கையை விடவில்லை. அந்த ரவிக்கையை, உள்ளே மடித்த தையல் எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் பிரித்துவிட்டு, மூச்சு முட்ட மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கையிலும் மாங்காய் பார்டர் பளபளத்தது.

மாடம்பாக்கத்தில் சுலோசனா அம்மா கதவைத் திறந்தார். என்னையும் மேடத்தையும் பார்த்ததும் முகம் இறுகியது. தாம்பாளத்தைப் பார்த்ததும், "வாங்க," என்றுதான் சொல்ல முடிந்தது. நான் கேட்க நினைத்திருந்த நாலு கேள்வியும் அவரைப் பார்த்ததும் காணாமல் போயின. பல நாள் தூங்காத கண். தலைகூட வாரியிருக்கவில்லை. உள்ளறையிலிருந்து மாமனார் ஈனக் குரலில், "யாரு சுலோ?" என்று கேட்டபோது, அவருக்கு ஏதோ ஆகிவிட்டது போலத் திடுக்கிட்டுத் திரும்பினார்.

மேடம், "நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டுவந்திருக்கோம்மா. புடவை இவங்க கட்டினது," என்றார்.

தனலட்சுமி அம்மா கையை முன்னால் நீட்டினார். "அந்த நெக்லஸ எடுத்தாந்து இதோட வெச்சிப் பாருங்க. உயிரோட கீற பொம்பள முன்னாடி வந்து நிக்கறேன். தொட்டுக்கூட பாரு."

நெக்லஸ் வீட்டுக்குள் இல்லை. சுலோசனா அம்மா அதைக் கொல்லையில் முருங்கை மரத்தில், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே வைக்கவும் பயம், எரிக்கவும் பயம். கோலால் தட்டி எடுத்துவந்து தனலட்சுமி அம்மாவின் ரவிக்கைப் பார்டர் பக்கத்தில் வைத்தார். அதே மாங்காய், அதே சரிகை. சுலோசனா அம்மா வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகவும் சின்னக் குரலில் கேட்டார்.

"அப்படின்னா அவருக்கு ஏன் இப்படி ஆச்சு?"

தனலட்சுமி அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதுவரை போட்ட சத்தத்தையெல்லாம் விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இதே மாதிரி வந்திச்சும்மா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? பக்கத்து வூட்டு வேப்பமரத்தாலதான்னு சொல்லி, அத்த வெட்டுன்னு அவங்களோட மல்லுக்கட்டினேன். பயம் வந்தா எத்தையாவது புட்ச்சிக்கணும் இல்ல? இன்னிக்கி மரமும் கீது, அவரும் கீறாரு. டாக்டரு மாத்திரை குட்த்தாரு, சுருட்டை விடச் சொன்னாரு. அவ்ளோதான்."

சுலோசனா அம்மா அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வசந்தா என்மேல கோவமா இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்கா," என்றேன். மேடம் என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும்.

"இருக்கத்தானே செய்யும்," என்று சுலோசனா அம்மா எழுந்தார். உள்ளே போய்க் கணவரிடம் ஏதோ சொன்னார். பாஸ்கர் வரட்டும், அவனை அனுப்பிக் கூட்டிவரச் சொல்வார் என்று நாங்கள் நினைத்தோம். வேறு புடவை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தவர், நெக்லஸைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் முதுகைக் காட்டி நின்றார். "கட்டி விடும்மா," என்றார். முடிச்சுப் போடும்போது அவர் கழுத்து நடுங்கிக்கொண்டே இருந்தது. கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

தனலட்சுமி அம்மா மாமனாருக்குத் துணையாக அங்கேயே உட்கார்ந்துகொண்டு, சுருட்டைப் பற்றி அவரை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். தாலிச்சரடுக்கு மேலே அத்தனை பெரிய அரக்கு நெக்லஸோடு, நரைத்த தலையோடு, சுலோசனா அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

கீழ்க்கட்டளையில், வெள்ளிக்கிழமைப் பூ வியாபாரத்துக்காக அன்று வேலைக்கு வராத வசந்தா, வாசலில் அம்மாவுக்குப் பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் நாங்கள் திரும்பும்போதே பார்த்துவிட்டாள். எழுந்தாள், ஆனால் முன்னால் வரவில்லை. சுலோசனா அம்மா அவள் எதிரே போய் நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார். கடைசியில் கை நெக்லஸுக்குத்தான் போனது.

வசந்தா அவர் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பூவைத் தட்டிவிட்டு, "பஸ்ல வந்தீங்களா அத்தே? முடிச்சு பாருங்க, முன்பக்கம் வந்துடுச்சு," என்று சொல்லி, இரண்டு கையாலும் நெக்லஸைப் பிடித்து மெல்ல நேராக்கிவிட்டாள்.